குடும்பத்தோட ஊட்டி போறோம், குப்பையும் புகையும் கம்மியா போட்டு வர்றது எப்படி?

தாம்பரத்தான்:

வணக்கம் மக்களே. மே ரெண்டாவது வாரம் ஊட்டி போறதா வீட்ல முடிவாயிடுச்சு. மாமியார் இதுவரைக்கும் ஊட்டியே பாத்ததில்லையாம், அதனால வேற ஊர் பேச்சே எடுபடல. நான், வொய்ஃப், அப்பா, அம்மா, மாமியார்னு பெரியவங்க அஞ்சு பேர், கூட ஒண்ணேகால் வயசு பையன். மூணு ராத்திரி தங்கறோம். மச்சானோட ஏழு சீட் டீசல் வண்டி சும்மா நிக்குது, எடுத்துட்டு போகலாம்.

ஏன் இந்த கேள்வின்னா, சில வருஷம் முன்னாடி சித்தப்பா குடும்பத்தோட அங்க போனப்ப ரெண்டு விஷயம் நடந்துச்சு. மேட்டுப்பாளையத்துல ரெண்டு கேஸ் தண்ணி பாட்டில் வாங்கி டிக்கில போட்டுட்டு போனோம், செக்போஸ்ட்ல மொத்தத்தையும் எறக்கி வெச்சுட்டாங்க. தடை இருக்கறதே எங்களுக்கு தெரியாது, சித்தப்பா காசு குடுத்து வாங்கினதுன்னு எகிறினாரு, கடைசில அவரே வாயை மூடிட்டு வந்து உக்காந்தாரு. அது கூட பரவால்ல. மலை ஏறும்போது சித்தப்பா பொண்ணு வாந்தி எடுத்துட்டா, கேரி பேக்ல புடிச்சோம், சித்தப்பா அதை முடிச்சு போட்டு ஜன்னல் வழியா விசிறிட்டாரு. பள்ளத்துல விழாம கெளை ஒண்ணுல மாட்டி தொங்குச்சு. முன்னாடி ட்ராஃபிக், வண்டி நகரல, ஒரு பொம்பளை குரங்கு வயித்துல குட்டியோட வந்து அந்த கவரை எடுத்து பிரிக்க ஆரம்பிச்சுது. நாங்க எல்லாரும் பாத்துட்டே உக்காந்திருந்தோம். இப்பவும் ஊட்டின்னா எனக்கு பொட்டானிக்கல் கார்டன் ஞாபகம் வரல, அந்த கெளைதான் வருது.

இந்த தடவை அப்படி போகக் கூடாதுன்னு நினைக்கிறேன். ஸ்டீல் பாட்டில் வாங்கிட்டேன்னு ஆபீஸ்ல சொன்னா பக்கத்து சீட்டு அண்ணன் சிரிக்கறாரு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல டீசல் எரிச்சுட்டு போயி ஸ்டீல் பாட்டில்ல தண்ணி குடிச்சா மலை பொழைச்சுருமான்னு கேக்கறாரு. பதில் சொல்லத் தெரியல. கார்ல போலாமா, ட்ரெயினா? டயப்பரை என்ன பண்றது? தண்ணி, சாப்பாடு, ரூம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. அட்வைஸ் வேணாம், செஞ்சு பாத்தது வேணும்.

கணக்குப்புள்ள:

உங்க ஆபீஸ் அண்ணன் சொன்னதுல பாதி சரி. கணக்கு போட்டுருவோம்.

தாம்பரத்துலருந்து ஊட்டி சுமார் 550 கிமீ, போக வர 1100, அங்க சுத்தறது ஒரு 150 வெச்சா 1250. ஏழு சீட் வண்டி, ஏசி, மலை எல்லாம் சேத்து லிட்டருக்கு 15 குடுத்தாலே பெருசு. 83 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா ஏறக்குறைய 2.65 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும் (எரியும்போது காத்துல இருக்கற ஆக்சிஜன் சேந்துக்கறதால எடை கூடும், எப்படி ஒரு லிட்டர்ல ரெண்டரை கிலோ வரும்னு கேக்க வேணாம்). ஆக மொத்தம் 220 கிலோ. பையனை விட்டுட்டு அஞ்சு பேருக்கு பிரிச்சா ஆளுக்கு 44. அதே வண்டில புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர் போனா ஆளுக்கு 110. அதனால நிறைஞ்ச காரும் காலி காரும் ஒண்ணு இல்ல, உங்களை மாதிரி அஞ்சாறு பேரா போறது அவ்ளோ பெரிய பாவம் எல்லாம் இல்ல. கோயம்புத்தூருக்கு ஃப்ளைட் புடிச்சு அங்கருந்து டாக்ஸி எடுக்கறவங்கதான் யோசிக்கணும், இந்த மாதிரி குட்டி தூரத்துல மேல ஏறவே எரிபொருள்ல பெரிய பங்கு போயிடும்.

ஆனா ட்ரெயின் இருக்கும்போது கார் எதுக்கு? சென்ட்ரல்ல ராத்திரி 9 மணி சுமாருக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினா விடிகாலை மேட்டுப்பாளையம். கரண்ட்ல ஓடற வண்டி, ஆயிரத்து சொச்சம் பேரோட பங்கு போட்டுக்கறீங்க, ஆளுக்கு வர்ற கணக்கு கார்ல பாதி கூட வராது. அங்கருந்து கவர்மென்ட் பஸ். இன்னொண்ணு, அரசு பஸ்லயோ ட்ரெயின்லயோ போறவங்களுக்கு இ-பாஸ் (மலைக்கு சொந்த வண்டில வர்றவங்க ஆன்லைன்ல வாங்கற அனுமதிச் சீட்டு) தொல்லையே கிடையாது.

ஸ்டீல் பாட்டிலுக்கும் டீசலுக்கும் முடிச்சு போடறதுதான் அவர் பண்ற தப்பு. டீசல் புகை ஊட்டில விட்டாலும் உளுந்தூர்பேட்டைல விட்டாலும் ஒரே வானத்துக்குதான் போகுது. பாட்டில் அப்படி இல்ல, அங்க போட்டா அங்கயேதான் கெடக்கும். ரெண்டும் வேற வேற கணக்கு நோட்டு, ஒண்ணுல கடன் இருக்குன்னு இன்னொண்ணை எழுதாம விடுவீங்களா.

குன்னூர்க்காரி:

தம்பி, நான் பொறந்து வளந்தது குன்னூர். உங்க சித்தப்பா மாதிரி ஆளுங்களை மாசத்துக்கு முப்பது பேரைப் பாக்கறேன், நீங்க அதை எழுதினதுக்கே சந்தோஷம்.

மொதல்ல ஒரு கேள்வி. உங்க வீட்ல ஸ்கூல் போற பிள்ளையே இல்லையே, அப்புறம் ஏன் மே மாசம்? பரீட்சை முடிச்சு புள்ளைங்களோட வர்றவங்களுக்கு வேற வழி இல்ல. உங்க அப்பா அம்மா ரிட்டயர்டா இருந்தா செப்டம்பர்ல வாங்க, செகண்ட் சீசன்னு சொல்லுவோம், அதுவும் செவ்வாய் புதன்ல வாங்க. மே மாசம் மலர்க் கண்காட்சி சமயத்துல எங்க ரோடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், அந்த குரங்கை அவ்ளோ நேரம் பாத்துட்டு உக்காந்திருக்கீங்கன்னா வண்டி நகரலன்னுதானே அர்த்தம். எல்லாரும் ஏசி போட்டு என்ஜினை ஓட விட்டுட்டு நிப்பாங்க. ஆம்புலன்ஸ் கூட போக முடியாம நிக்கறதை நான் பாத்திருக்கேன். கூட்டம் ஜாஸ்தியானா ஏறுற வண்டி குன்னூர் வழி, எறங்கற வண்டி கோத்தகிரி வழின்னு மாத்தி விடுவாங்க, அப்ப பத்து கிலோமீட்டர்ல இருக்கற சொந்தக்காரங்க வீட்டுக்கு போக நாங்க மலையைச் சுத்தணும்.

இதெல்லாம் பாத்துதான் ஐகோர்ட்டு 2024 மே 7லருந்து இ-பாஸ் கொண்டு வர சொல்லுச்சு. 2025ல ஏப்ரல்லருந்து ஜூன் வரைக்கும் ஊட்டிக்கு வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறுல 8000 வண்டின்னு எண்ணிக்கையே வெச்சாங்க. ஆறாயிரம் வண்டி. எங்க கமர்ஷியல் ரோடு அகலம் என்னன்னு வந்தா பாருங்க.

தண்ணி பாட்டில் விஷயம். நீலகிரில பிளாஸ்டிக் தடை ரொம்ப பழசு, தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரில வர்றதுக்கு பல வருஷம் முன்னாடியே எங்களுக்கு வந்துடுச்சு. சின்ன தண்ணி பாட்டிலுக்கு 2019 ஆகஸ்ட்லருந்து தடை. அதுக்கு பதிலா ரோட்டோரம் வாட்டர் ஏடிஎம் வெச்சிருக்காங்க, காயின் போட்டா தண்ணி வரும், நம்ம பாட்டில்ல புடிச்சுக்கலாம். எல்லா மெஷினும் எல்லா நாளும் வேலை செய்யும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அதனால குழாய் வெச்ச எவர்சில்வர் கேன் இருக்கு பாருங்க, கல்யாண வீட்ல காபி ஊத்துவாங்களே, அதுல ஒரு பத்து லிட்டர் கேன் கொண்டு வாங்க. ராத்திரி ரூம்ல வெந்நீர் கேட்டா எந்த ஓட்டல்லயும் குடுப்பாங்க, ஊத்தி வெச்சா காலைல ஜில்லுனு இருக்கும், எங்க ஊருக்கு ஃப்ரிட்ஜ் எதுக்கு.

தண்ணின்ன உடனே இன்னொண்ணு. ஊட்டி டவுனுக்கு முக்கியமா தண்ணி வர்றது பார்சன்ஸ் வேலி அணைலருந்து. கோடைல அது எறங்கிடும், குடியிருக்கற ஜனங்க குழாய்ல தண்ணி எப்ப வரும்னு குடம் வெச்சு காத்துட்டு இருப்பாங்க, அதே தெருவுல ரூம்ல இருக்கறவங்க கீசர் சூடாகற வரைக்கும் குழாயைத் திறந்து விட்டுட்டு போன் பாத்துட்டு இருப்பாங்க. ஒரு பக்கெட் வெச்சு புடிங்க, அந்த பச்சைத் தண்ணியும் வீணாகாது. துண்டு பெட்ஷீட் தினம் மாத்த வேணாம்னு மொத நாளே சொல்லிடுங்க, எங்க குளிருல அதை காயவைக்க அவங்க படற பாடு தனி.

வாந்திக்கு வர்றேன். கவர் வேணாம். மூடி டைட்டா இருக்கற ஊறுகாய் வாளி ஒண்ணு, அடில பழைய நியூஸ் பேப்பர் கிழிச்சு போட்டு பின் சீட்டுல வெச்சுக்கங்க. மேல வந்து டாய்லெட்ல கொட்டி கழுவிடலாம். மேட்டுப்பாளையத்துல வயிறு முட்ட பூரி சாப்ட்டு ஏறாதீங்க, ரெண்டு இட்லி போதும், மலை ஏறும்போது யாரும் போனை நோண்ட வேணாம். வளைவுல நிறுத்தி குரங்குக்கு சிப்ஸ் போடறது எல்லாத்தையும் விட மோசம். தின்னு பழகினது ரோட்டுலயே நிக்கும், அடிபட்டு சாகும்.

சும்மாவந்தேன்:

எல்லாம் சரிதான், ஒரு விஷயம் மட்டும் கடுப்பாகுது. நடுத்தர குடும்பத்துக்காரன் வாந்தி கவரை பத்தி மூணு நாள் யோசிக்கறான், யானை போற வழியில ரிசார்ட் கட்டினவன் நிம்மதியா தூங்கறான். நம்ம டயப்பர்லதான் நீலகிரி கெட்டுச்சா? போக வேணாம்னா போக வேணாம்னு சொல்லுங்க, போனா குத்த உணர்ச்சியோட போகணும்னு சொல்லாதீங்க.

குன்னூர்க்காரி:

கடுப்பு நியாயம்தான் அண்ணா. மசினகுடி பக்கத்துல இருக்கற சீகூர் யானை வழித்தடம் கேஸ்ல அந்த ரிசார்ட் எல்லாம் காலி பண்ணணும்னு 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. ஆனா அங்க ரூம் எடுத்தது யாரு? ராத்திரி கேம்ப்ஃபயர், ஜீப்ல போயி யானை காட்டறோம்னு போஸ்டர் பாத்து போனது நம்ம ஆளுங்கதானே. அதனாலதான் சொல்றேன், ரூம் போடும்போதே பாக்கணும். மசினகுடி பக்கம் காட்டுக்குள்ள தங்கலாம்னு ஆசை காட்டினா வேணாம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரின்னு டவுனுக்குள்ள, பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கற தூரத்துல, ஊர்க்காரங்க நடத்தற வீடா பாத்து தங்கினாலே போதும். காசும் ஊருக்குள்ள நிக்கும், வண்டியும் தேவைப்படாது.

அப்புறம் ஒரு நல்ல விஷயமும் சொல்லிடறேன், இல்லன்னா நான் பொலம்பல் பொம்பளைன்னு நினைப்பீங்க. டாஸ்மாக் பாட்டிலுக்கு பத்து ரூபா கூட வாங்கிட்டு, காலி பாட்டிலைக் குடுத்தா திருப்பிக் குடுக்கற திட்டத்தை கோர்ட்டு சொல்லி 2022ல எங்க மாவட்டத்துலதான் மொதல்ல ஆரம்பிச்சாங்க. முன்னாடி எல்லாம் தேயிலைத் தோட்டத்துல பறிக்கற பொம்பளைங்க கால்ல கண்ணாடி குத்தும், யானை கால்லயும் குத்தும். இப்ப எங்கயாவது ஒரு பாட்டில் கெடந்தா ஓடிப் போய் எடுக்க ஆள் இருக்கு. பத்து ரூபாய்க்கு இருக்கற மரியாதை நூறு போர்டுக்கு இல்ல.

மலைரயில் பைத்தியம்:

இவ்ளோ பேசிட்டு யாருமே மலை ரயிலைச் சொல்லலையே, ஞாயமா? காலைல 7.10க்கு மேட்டுப்பாளையத்துல எடுப்பான், நீலகிரி எக்ஸ்பிரஸ்ல வந்து எறங்கினா எதிர்லயே நிக்கும். 46 கிமீ, 208 வளைவு, 16 குகை, ஊட்டி சேர மத்தியானம் ஆயிடும். கல்லாறு தாண்டினதும் நடுவுல பல் வெச்ச தண்டவாளத்தை என்ஜினோட பல் சக்கரம் கடிச்சு புடிச்சுட்டு ஏறும், அந்த சத்தத்துக்கே உங்க மாமியார் சொத்தை எழுதி வெப்பாங்க. 1899ல குன்னூர் வரைக்கும் வந்துச்சு, 1908ல ஊட்டி, 2005ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்.

ஆனா ஒண்ணு, ரயில் பைத்தியமா இருந்தாலும் பொய் சொல்ல மாட்டேன். மலை ரயில் பசுமைப் பயணம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மேட்டுப்பாளையம் டு குன்னூர் நீராவி என்ஜின், நிலக்கரிலருந்து எண்ணெய்க்கு மாத்தி ஓட்டறாங்க, அந்த ஏத்தத்துல நாலஞ்சு பெட்டியைத் தள்ள அது எவ்ளோ குடிக்கும்னு யோசிச்சுக்கங்க. குன்னூருக்கு மேல டீசல். ஆசைக்கு போங்க, அழகுக்கு போங்க, கணக்குக்கு போணும்னா கவர்மென்ட் பஸ்தான். நான் என்ன பண்ணுவேன்னா ஏறும்போது ரயில், எறங்கும்போது பஸ்.

டிக்கெட் 60 நாள் முன்னாடி திறக்கும், சீசன்ல திறந்த கொஞ்ச நேரத்துல போயிடும். அக்டோபர் நவம்பர் மழைல மண் சரிஞ்சா சர்வீஸையே நிறுத்திடுவான், அதனால அக்கா சொன்ன மாதிரி செப்டம்பர்னா சீக்கிரமா பாருங்க. ஊருக்குள்ள சுத்தறதுக்கு சீசன் நேரத்துல சர்க்யூட் பஸ் விடறாங்க, போட் ஹவுஸ், பொட்டானிக்கல் கார்டன், ரோஸ் கார்டன்னு எறங்கி எறங்கி ஏறிக்கலாம்.

ரெட்டைப்புள்ள அம்மா:

டயப்பர் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லல, எல்லாரும் ஆம்பளைங்க போல (குன்னூர்க்காரி அக்கா மன்னிக்க). ட்வின்ஸ் வெச்சுகிட்டு ரெண்டு தடவை மலைக்கு போயிட்டு வந்தவ நான், செஞ்சு பாத்ததை மட்டும் சொல்றேன்.

மொத தடவை ரோஷமா முழுக்க துணி நாப்கின் கொண்டு போனேன். பெரிய தப்பு. பனில துவைச்சது காயவே இல்ல, ரெண்டாவது நாள் ரூம் முழுக்க நாறுச்சு, புள்ளைக்கு ஈரத்துல புண் வந்துடுச்சு, கடைசில கடைக்கு ஓடி டயப்பரே வாங்கினோம். ரெண்டாவது தடவை இப்படி பண்ணினேன். பகல்ல ரூம்ல இருக்கும்போது துணி, வெளிய போனாலும் ராத்திரி தூங்கினாலும் டயப்பர். ஒரு நாளைக்கு ரெண்டு மூணுலயே முடிஞ்சுடுச்சு. கக்காவை டாய்லெட்ல தட்டிட்டு, டயப்பரை இறுக்கமா சுருட்டி அதோட டேப்பையே ஒட்டி, பழைய பெயின்ட் பக்கெட் மூடி போட்டது ஒண்ணுல போட்டு, நடுவுல கொஞ்சம் சாப்பாட்டு சோடா தூவினா வாடை வராது. மூணு நாள் டயப்பர் ஒரு பத்து லிட்டர் பக்கெட்ல அடங்கும். அதை அப்படியே கீழ கொண்டு வந்து எங்க வீட்டு குப்பை வண்டில குடுத்தேன். நம்ம ஊர் குப்பைக் கிடங்கு ஒண்ணும் சொர்க்கம் இல்லதான், ஆனா அங்க யானை வந்து கிளறாது. நாப்கின் பேடுக்கும் இதே பக்கெட்தான், வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

ஒரே ஒரு விஷயம், ட்ரெயின்ல வரும்போது பக்கெட்டை சீட்டுக்கு அடில வெச்சதும் எதிர் சீட்டு பாட்டி என்னம்மா தயிரான்னு கேட்டாங்க. ஆமாம்னு சொல்லிட்டேன்.

தாம்பரத்தான்:

தயிரு 😂 வொய்ஃப் கிட்ட படிச்சு காட்டினேன், விழுந்து விழுந்து சிரிச்சா.

எல்லாருக்கும் நன்றி. ஏன் மே மாசம்னு குன்னூர்க்காரி அக்கா கேட்ட கேள்வி எங்க யாருக்குமே தோணல. ஊட்டின்னா மே, அவ்ளோதான், சின்ன வயசுலருந்து அப்படியே பழகிடுச்சு. ராத்திரி சாப்பிடும்போது பேசினோம். அப்பாவுக்கு எப்ப போனாலும் ஒண்ணுதான். மாமியார்தான் பூ கண்காட்சி பாக்கணும்னு முகத்தைத் தூக்கினாங்க, செப்டம்பர்லயும் தோட்டத்துல பூ இருக்கும், கூட்டம் இல்லாம நின்னு பாக்கலாம்னு சொன்னதும் சரின்னுட்டாங்க. மூணு ராத்திரியை அஞ்சாக்கிட்டோம், அதுக்கு பதிலா டிசம்பர்ல போறதா இருந்த ஏற்காடு கேன்சல். கணக்குப்புள்ள சார், இது உங்க நோட்டுல வரவுல வருமா?

கார் கிடையாது. நீலகிரி எக்ஸ்பிரஸ், அங்கருந்து மலை ரயில் கெடைச்சா ரயில், கெடைக்கலன்னா பஸ். அலாரம் வெச்சாச்சு, 60 நாள் கணக்கு பண்ணி. பத்து லிட்டர் கேன் வாங்கவே வேணாம், மாமியார் வீட்ல குழாய் வெச்ச கேன் பரண் மேல இருக்காம், வொய்ஃபோட காது குத்துக்கு வாங்கினதாம்.

ஒரே சந்தேகம். பஸ்ல போனா அந்த வாளியை எங்க வெக்கறது? எத்தனை லிட்டர் வாங்கணும்? அம்மாவுக்கு நிச்சயமா வாந்தி வரும், செங்கல்பட்டு போறதுக்கே வரும்.

குன்னூர்க்காரி:

வாளி எல்லாம் கார்க்காரங்களுக்கு தம்பி. பஸ்ஸுக்கு ரெண்டு லிட்டர் தூக்கு போதும், பிடியோட மூடி இறுகுதான்னு மட்டும் பாருங்க, மடில வெச்சுக்கலாம். அம்மாவை டிரைவருக்கு பின்னாடி ரெண்டாவது சீட்டுல ஜன்னல் ஓரமா உக்கார வைங்க, பின் சீட்டு வேணவே வேணாம், தூக்கித் தூக்கிப் போடும். கைல ஒரு எலுமிச்சம்பழம் குடுங்க. அதே தூக்குல வர்றப்ப வர்க்கி (எங்க ஊர் பேக்கரி மொறுமொறு பிஸ்கட்) வாங்கிட்டு போக நினைக்காதீங்க, வர்க்கிக்கு தனி டப்பா கொண்டு வாங்க. பேக்கரில கண்ணாடி பெட்டிலருந்து எடுத்து நேரா டப்பாவுல போட சொன்னா போட்டுக் குடுப்பாங்க, ஒரு மாதிரி பாப்பாங்க, பரவால்ல.